கனகு டீச்சரின் இருபது அங்குலம்

திண்டுக்கல்லிலிருந்து வரும் காலைப் பேருந்து எங்கள் ஆத்தூர்ப் பள்ளி வாசலில் நிற்பதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து வகுப்பு வாசலில் தயங்கினார். "டீச்சர், கனகு டீச்சர் தவறிட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான். ஒங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாங்க" என்றார். எந்தக் கனகு டீச்சர் என்று கேட்டேன். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த கனகு டீச்சர் ஒருவர்தான். அது தெரிந்தும் கேட்டேன்.  வகுப்பைப் பக்கத்து ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, செம்பட்டிக்குப் போன ஒரு காய்கறி வண்டியில் ஏறி, அங்கிருந்து பேருந்து பிடித்துத் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தேன்.

கனகம்மாள் என்ற முழுப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் கனகு டீச்சர். திண்டுக்கல் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் நானும் அவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அவருடையது. எங்கள் பள்ளியிலேயே உயரமானவர் அவர்தான்; தலைமையாசிரியரே அவரிடம் பேசும்போது கொஞ்சம் அண்ணாந்துதான் பேசுவார். இதைப் படிக்கிறவர்களில் அவரிடம் கணக்குக் கற்றவர்களும் இருப்பீர்கள், குட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள்தான். ஆனால் வீட்டில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், பள்ளிக் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரம் படுக்க வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முட்டி மட்டும் மடங்கவில்லை. மடங்காத முட்டி என்றால் என்ன என்பது வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நம் வீடுகளில் எல்லாமே தரையில்தான் நடக்கின்றன. அடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், அம்மி தரையில், இலை தரையில், பாய் தரையில். பள்ளிக்கூடத்தில் நாற்காலி இருந்ததால் அவரால் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடிந்தது. வீட்டுக்குப் போனால் ஒரு வாய் காப்பி போட்டுக் குடிக்க முடியவில்லை. நானும் தெருப் பெண்களும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு போனோம். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், ஆனால் முகம் கடுகடுவென்றிருக்கும்.

கணவர் கல்யாணமான சில வருடங்களிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. செம்பட்டியில் விவசாயம் பார்த்த அண்ணன் பொன்னையாதான் ஒரே துணை. தங்கமான மனிதர், தங்கை மேல் உயிர். ஆள் குள்ளம்; இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் அக்காவும் தம்பியும் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வண்டியோடு வருகிறேன், வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்லிப் போனார். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள், நானும் சொன்னேன். கனகு டீச்சர் சொன்னார்: "எங்கண்ணன் வீட்ல எனக்கு ஒரு கொறையும் இருக்காது டீச்சர். கட்டில்ல உக்கார வச்சுச் சோறு போடுவாங்க. எனக்கு இன்னும் நாப்பதுகூட ஆகல. சாகுற வரைக்கும் கட்டில்ல உக்காந்து சோறு திங்கணுமா?" 

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸம்மா படிப்பதற்கென்று பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்றில் நாற்காலி, மேசை முதலியவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் வரைபடங்கள் இருந்தன. எந்தத் துண்டு எத்தனை அங்குலம், எங்கே துளை, எங்கே திருகாணி என்று எல்லாம் கோடு போட்டுக் காட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையில் ரம்பத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கனகு டீச்சர் அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். முதலில் ஓர் ஆசாரியைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். நாற்காலிக்குச் சரி என்ற ஆசாரி, நின்றுகொண்டு சமைக்க அடுப்புக்கும் ஒரு மேசை வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். நாளைக்கு வாரேன் என்று போனவர் வரவேயில்லை. "அந்தம்மா செய்யிறப்ப நான் செஞ்சா மரம் வேணாம்னா சொல்லப்போகுது?" என்றார் கனகு டீச்சர். அடுத்த சனிக்கிழமை ரம்பமும் உளியும் இழைப்புளியும் வீட்டுக்கு வந்துவிட்டன.

வரைபடத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புக் கருவி இருந்தது. அது நம்மூரில் யாரிடம் இருக்கிறது? நம் ஆசாரிமார்கள் தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு அறுப்பார்கள். அதற்கும் வழியில்லை. கனகு டீச்சர் மரத்தைத் தெரு ஜன்னல் கம்பியோடு சேர்த்துத் துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நின்றபடியே அறுத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ரம்பம் இழுக்க இழுக்க ஜன்னல் நடுங்கும், மரத்தூள் தெருவில் விழும். போகிற வருகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொம்பளை ரம்பம் பிடித்தால் வீடு விளங்குமா என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை நாள் பிடிக்காமல் இருந்தபோது மட்டும் என்ன விளங்கியது என்று உள்ளேயிருந்து பதில் போனது.

பெரிய துண்டுகளைப் பழனி ரோட்டு மரக்கடை ஒன்றில் அளவு எழுதிக் கொடுத்து அறுத்து வாங்கினோம். அங்கே அறுவை பார்த்தவர் சுப்பையா ஆசாரி என்ற பெரியவர். அளவுகளை வாசித்துப் பார்த்துவிட்டு, கால் எப்படி, முட்டி மடங்குமா மடங்காதா என்று அக்கறையாக விசாரித்தார். துண்டுகள் வந்தன. கனகு டீச்சர் துளை போட்டு, வச்சிரப் பசை தடவி, திருகாணி முடுக்கி, மார்கழிக்குள் நாற்காலியை நிற்க வைத்துவிட்டார். அது ஆடவில்லை. அதில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம், கேலி செய்ய ஒன்றும் அகப்படவில்லையே என்று. ஆனால் ஏதோ அண்ணாந்து நிற்கிற மாதிரி இருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தால், வரைபடத்தில் பதினெட்டு அங்குலம் என்றிருந்த உட்காரும் உயரம் இருபது அங்குலம் இருந்தது. எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தோம். பதினெட்டு என்றுதான் இருந்தது.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனார். பாவம், சுப்பையா ஆசாரி எதையும் மறைக்கவில்லை. "பதினெட்டு ஆகாது தாயி. மனைக்கும் ஆகாது, மனுசருக்கும் ஆகாது. பத்தொம்பதும் கெட்ட அளவு. கால் ஒடிஞ்ச பொம்பளப்பிள்ளைக்கு நான் எப்படித் தெரிஞ்சே அறுத்துக் குடுக்க? அதான் இருபதாப் போட்டேன், நல்லா இருப்பியேன்னு" என்றார். முன்கால் பின்கால் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு மனை பார்க்கிற சாத்திரத்தை நாற்காலிக்கும் பார்த்துவிட்டார் மனிதர். கனகு டீச்சருக்கு வந்த கோபத்தில் ஐந்தாம் வகுப்பாக இருந்தால் குட்டியிருப்பார். பெரியவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

கால்களை அறுத்துக் குறைப்பது என்று முடிவாயிற்று. கயிறு, ரம்பம் எல்லாம் எடுத்து வைத்தோம். எங்கே கோடு போடுவது என்று யோசிக்க அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். யோசித்தார். பென்சில் அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்தார். வந்தவர் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். என்ன என்று கேட்டேன். "நான் எதைப் பிடிச்சு எந்திரிச்சேன்?" என்றார். எதையும் பிடிக்கவில்லை. விழுந்த நாள் முதல் சுவரையோ ஆளையோ பிடிக்காமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. நம்பாமல் மறுபடி உட்கார்ந்து எழுந்தார். மறுபடியும் எழுந்தார். பள்ளிக்கூட நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவர் மேசையைப் பிடித்துத் தவிப்பதைத் தினமும் பார்த்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, அந்த வெள்ளைக்கார அம்மாளின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு திட்டினார். "பதினெட்டு அவளுக்குத்தான் டீச்சர். அவ காலு மடங்கும்."

அதன் பிறகு வரைபடத்தில் எப்படிப் பூட்டுவது என்பதை மட்டும்தான் பார்த்தார், அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சமையல் மேசைக்கு அளவெடுக்கச் சுவரோரமாக நின்று, குழம்பைக் கிண்டுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினார். முழங்கை வந்த இடத்தில் நான் சுண்ணாம்பால் கோடு போட்டேன். காய் நறுக்க ஓர் உயரம், அடுப்பு வைக்க அதைவிடச் சற்றுத் தாழ்வாக ஓர் உயரம். மேசையின் மேல் கடப்பாக்கல்லைப் பதித்து, அதன் மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ். சுப்பையா ஆசாரியிடம்தான் மறுபடியும் மரம் அறுத்தது. இந்த அளவெல்லாம் ஆகுமா என்று கனகு டீச்சர் போகும்போதே கேட்டுவிடுவார். ஆகாது என்று அவர் சொன்னால், எனக்கு ஆகும் என்பார். பெரியவர் முனகிக்கொண்டே அறுத்துக் கொடுப்பார்.

தை பிறந்தது. பொன்னையா அண்ணன் சொன்னபடி வண்டியோடு வந்து வாசலில் மாட்டை அவிழ்த்தார். தங்கை சோறு வடித்து, சாம்பார் வைத்து, அவரைக்காய் வெஞ்சனம் செய்து வைத்திருந்தார். அண்ணன் எதையும் கவனிக்காமல் வழக்கம்போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கனகு டீச்சர் கரண்டியோடு நின்றார்.  "அண்ணே, கீழ உக்காந்தா என்னால குனிஞ்சு பரிமாற முடியாது. மேல உக்காரு, முடியும்" என்றார்.  அவர் எழுந்து அந்த நாற்காலியில் ஏறினார், ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும். கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. தங்கை சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், வெஞ்சனம் வைத்தார், மோர் ஊற்றினார், யார் உதவியும் இல்லாமல். அண்ணன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, தை மாத வெயிலில் மாடு நிற்கிறது, செத்த நேரம் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்புகிறேன் என்றார். வண்டி வெறுமையாகவே செம்பட்டிக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் பல வருடம் வேலை பார்த்தார், அந்த வீட்டிலேயே இருந்தார். முட்டி வலிக்கிற பெண்கள் யாராவது வந்து எனக்கும் அதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள் என்பார்கள். "அதே மாதிரின்னு ஒண்ணு கெடையாது. வந்து சொவத்துல நில்லு" என்பார் கனகு டீச்சர். எனக்கு ஆத்தூருக்கு மாறுதல் வந்த பிறகு பார்ப்பது குறைந்துபோயிற்று. பார்க்கும்போதெல்லாம் அவரே சமைத்துப் போட்டார்.

அன்று நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில் எழுந்து காப்பி குடித்து, காய் நறுக்கிவிட்டு, நெஞ்சு என்னவோ செய்கிறது என்று பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டாராம். அவ்வளவுதான். சமையல் மேசையில் நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீரில் கிடந்தது. மறுநாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்ததும் நான்தான் சமைத்தேன். அந்த மேசை எனக்கு நெஞ்சு வரை வந்தது. ஒரு மணையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று கிண்டினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. பொன்னையா அண்ணன் வாசற்படியில் நின்று நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன் டீச்சர். அவ ஏறல. ஏறியிருந்தா அவ கட்டில்லயே கெடந்திருப்பா, நல்லாப் பாத்துக்கிட்டோம்னு நாங்க பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த வருடம் எனக்குப் பணி ஓய்வு. சென்னையிலிருக்கும் மகன் வந்துவிடும்படி எழுதியிருக்கிறான். அத்தை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மருமகள் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். நல்ல பெண், அன்பாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த அன்பைக் கண்டு கொஞ்சம் பயப்படுகிற புத்தியைத்தான் நான் கனகு டீச்சரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறேன், ஆனால் காலைச் சமையல் என்னுடையது என்று பதில் போட்டிருக்கிறேன். சரி என்று எழுதினால்தான் பெட்டியைக் கட்டுவேன்.