ஆறு பேருக்கு மேல் போனால்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், ஒரு கமாவுக்காக மூன்று நாள் சண்டை போட்ட பெண்மணி ஒருவர் இருக்கிறார். மேற்கோள் பட்டியலில் வருடத்துக்குப் பிறகு வருவது கமாவா, முற்றுப்புள்ளியா என்பதுதான் சண்டை. கடைசியில் ஜெயித்தது அவர்தான். ஆனால் அதற்குக் கிடைத்த பட்டம் 'கமா அக்கா'. வாசல் காவலாளியிலிருந்து பதிவாளர் அலுவலகம் வரை இப்போது எல்லோருக்கும் அவர் கமா அக்காதான். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது என்பது சம்பளப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரிந்தால் உண்டு.

பதினோரு வருடமாக அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது மாடியில், பழைய ஆய்விதழ்களை பைண்டு செய்து அடுக்கியிருக்கும் அலமாரிகளைத் தாண்டினால் எங்கள் அறை. இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகு தெரியும். மற்ற நூலகங்களுக்குப் புத்தகம் இரவல் அனுப்புவதும் வாங்குவதும் என் வேலை. அக்காவின் வேலை என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள், தாங்கள் எந்தெந்தக் கட்டுரைகளைப் பார்த்தோம் என்று கடைசியில் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். யார் எழுதியது, எந்த வருடம், எந்த இதழ், எத்தனையாவது பக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையால் எழுதி மாய்ந்த காலம் போய் இப்போது அதற்கு மென்பொருள் வந்துவிட்டது. விவரத்தை ஒருமுறை உள்ளே போட்டால் பட்டியலை அதுவே கட்டிக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு மாமியார் குணம். ஒன்றுக்கு வருடம் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும், இன்னொன்றுக்கு அது கடைசியில்தான் வர வேண்டும். ஒன்று இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் கேட்கும், இன்னொன்று சாய்வெழுத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும். அந்தந்த மாமியாரின் குணத்தை மென்பொருளுக்குப் புரிகிற பாஷையில் ஒரு கோப்பாக எழுதிக் கொடுப்பவர்தான் கமா அக்கா.

பட்டியல் தப்பாக வருகிறது என்று யாராவது தலைதெறிக்க ஓடிவந்தால், அவர்கள் உள்ளே போட்ட விவரத்தைத்தான் அக்கா முதலில் பார்ப்பார். பத்துக்கு எட்டுப் பேர் ஊர்ப் பெயரை ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருப்பார்கள். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்பார். வந்தவர்கள் வழிந்துகொண்டே போவார்கள். நன்றி சொல்லி ஒரு வாய் பேசிவிட்டுப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

என் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். தனியாக ஐந்து நிமிடம் இருக்க வேண்டுமென்றால் எனக்குக் குளியலறையை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் ஆரம்பத்தில் அக்காவைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். கொடுத்து வைத்த மகராசி, வீட்டுக்குப் போனால் கேட்பாரில்லை என்று நினைத்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். அக்காவைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள். ஒரு அண்ணன் எங்கோ தூரத்தில் இருக்கிறார், கையெழுத்து வேண்டியிருந்தால் மட்டும் பேசுவார். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வந்த வழியே போனதாம். ஒருநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். 'அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும்' என்ற கட்டத்தில் அக்கா எங்கள் அறையின் தொலைபேசி எண்ணையே எழுதியிருந்தார். அவருக்கு ஏதாவது ஆனால் அவர் மேசைக்கே போன் வரும். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கட்டம்தான் கண்ணில் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பொறாமை வார்த்தையை நான் எடுத்ததில்லை.

புதிதாக ஒரு கோப்பு எழுதினால் அதைச் சோதித்துப் பார்க்க மாதிரிக்கு ஒரு கட்டுரை வேண்டும். அக்கா எப்போதும் எடுப்பது ஒரே கட்டுரை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது, மண்ணின் ஈரத்தைப் பற்றியது, எழுதியவர்கள் ஏழு பேர். ஏழாவது பெயர் அக்காவுடையது.

நூலகத்துக்கு வருமுன் அக்கா மண்ணியல் துறையில் மூன்று வருடம் தற்காலிக உதவியாளராக இருந்திருக்கிறார். துறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் மண்ணைச் சலித்து, எடை பார்த்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை பார்த்துத் தாளில் எழுதுவது வேலை. நான்காயிரம் மாதிரிகள். கட்டுரை அச்சுக்குப் போகும்போது துறைத் தலைவியாக இருந்த பேராசிரியை, "அந்தப் பொண்ணு பேரும் வரணும்" என்று ஒற்றைக்காலில் நின்று சேர்க்க வைத்தாராம். அந்த அம்மா இப்போது இல்லை. அக்காவின் பெயர் இன்னொருவர் பெயரோடு சேர்ந்து அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

எந்த இதழுக்குக் கோப்பு எழுதினாலும் அந்தக் கட்டுரையைத் திரைக்கு வரவழைத்து ஏழு பெயரையும் விரலால் தொட்டு எண்ணுவார். ஒருமுறை நான், "என்னக்கா, வீட்ல எல்லாரும் வந்தாச்சா?" என்று கிண்டலடித்தேன். "வந்தாச்சு" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த மண்ணியல் ஆய்விதழுக்குப் புது ஆசிரியர் வந்தார். அக்காவின் கட்டுரையில் நாலாவது பெயர் அவருடையது. அன்றைக்கு இளம் விஞ்ஞானி, இன்றைக்குப் பெரிய பேராசிரியர். வந்த சூட்டோடு இதழின் பட்டியல் முறையை மாற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்கு விதிகள் அனுப்பினார். அக்கா நான்கு நாள் உட்கார்ந்து கோப்பை எழுதினார்.

நான்காவது நாள் மத்தியானம் சோதனை. திரையில் முதல் மூன்று பெயர்கள் வந்தன. அதற்குப் பிறகு 'மற்றும் பிறர்'. அவ்வளவுதான்.

விதிப்படி அது சரிதான். எழுதியவர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் மூன்று பேரை மட்டும் காட்டு, மிச்சத்தைச் சுருக்கு என்பது ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். விதி 'ஆறுக்கு மேல்' என்று சொல்லும். மென்பொருளோ 'எத்தனை பேரிலிருந்து சுருக்க வேண்டும்' என்று கேட்கும். விதியில் இருக்கிற ஆறையே அங்கே போட்டுவிட்டால் ஆறு பேர் எழுதிய கட்டுரையும் வெட்டுப்படும். ஏழு என்று போட வேண்டும். அக்கா ஏழு என்றுதான் போட்டிருந்தார். ஆறு பேர் வரைக்கும் பிழைப்பார்கள், ஏழு பேர் என்றால் பிழைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் எட்டிப் பார்த்தபோது எனக்கும் விஷயம் புரிந்தது.

"எட்டுன்னு போட்டுருங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்லடி."

"தெரிஞ்சா என்ன? உங்க ஒரு பேரு இருந்துட்டுப் போறதுல யாரு குடி முழுகிடும்?"

"அப்புறம் நாளைக்கு இன்னொருத்தர் அவங்க பேருக்காகக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றவர் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்து, "எடிட்டர் சாரையே கேட்டுப் பாக்குறேன். ஏழு வரைக்கும் விடலாமான்னு" என்றார்.

அவர் தனக்காக எதையாவது கேட்கப் போவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். புடவையை நீவிவிட்டுக்கொண்டு, விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சுக்கா?"

"நல்லாத்தான் பேசினார். உக்காரச் சொன்னார். ஏன் ஆறுன்னு வெச்சேன் தெரியுமாம்மான்னு கேட்டுச் சொன்னார்."

"என்னவாம்?"

"அவரோட முதல் நல்ல கட்டுரையில மொத்தம் ஆறு பேராம். அதுல ஒருத்தர் பேருகூட விட்டுப்போகக் கூடாதுன்னுதான் ஆறுன்னு வெச்சாராம். எல்லாரும் குடும்பம் மாதிரி இருந்தோம்னார்."

"எந்தக் கட்டுரை?"

அக்கா திரையைப் பார்த்தார். அதில் நின்றது அதே மண்ணின் ஈரக் கட்டுரைதான்.

"ஏழாவது நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மூஞ்சிக்கு நேரா உக்காந்துருக்கேன். அவருக்காத் தெரியல. நானாச் சொன்னா பேருக்குப் பிச்சை கேட்ட மாதிரி ஆயிடும்டி."

ஏழு என்று போட்ட கோப்பை அப்படியே அனுப்பினார். மறுநாளிலிருந்து சோதனைக்கு வேறு ஏதோ ஒரு கட்டுரையை எடுக்க ஆரம்பித்தார். யாரோ மூன்று பேர் எழுதியது. விரலால் எண்ணுவதும் நின்றுபோனது. நான்தான் சும்மா சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். 'ம்' என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புது முறையில் வரப்போகும் முதல் இதழின் அச்சுப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு, அதற்கு மேல் கோபம்.

"என்னம்மா ஃபைல் இது? என்னோட தலையங்கத்துல எங்க பழைய கட்டுரையைக் குறிப்பிட்டிருக்கேன். மூணு பேரோட நிக்குது. என் பேரே இல்ல!"

பிள்ளையார் பிடிக்கப் போனவருக்குக் குரங்கு வந்து சேர்ந்திருந்தது. சிரிப்பை அடக்க நான் இரவல் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஃபைல் சரிதான் சார். ஆறுக்கு மேல போனா மூணு."

"ஆறுதானேம்மா நாங்க! ஆறு பேருக்கு ஆறு பேரும் வரணும்ல?"

"ஏழு பேர் சார்."

அக்கா கட்டுரையின் விவரத்தைத் திரையில் திறந்து காட்டினார். ஆசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தவர் ஏழாவதில் நின்றார்.

"இது யாரு? ஏத்தும்போது தப்பா ஏத்திட்டாங்க போல. இதை எடுத்துடுங்க, எல்லாம் சரியாயிடும்."

அக்காவின் கை மவுஸ் மேல் இருந்தது. அந்தப் பெயரைத் தேர்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும், ஒரு நொடி வேலை. அம்புக்குறி அந்தப் பெயர் மேல் போய் நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெளியே போய் அலமாரியிலிருந்து அந்த வருடத்து பைண்டு தொகுதியை எடுத்து வந்து ஆசிரியர் முன்னால் தொப்பென்று போட்டேன். தூசி அவர் சட்டையில் பறந்தது. எனக்கு வருத்தமில்லை.

"அச்சுலயே இருக்கு சார். பாத்துக்கோங்க."

பக்கத்தைப் புரட்டினார். ஏழு பெயர்கள் இருந்தன.

"அப்ப யாரு இது?" இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி நன்றாகவே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முகம் சிவந்துவிட்டது. "அடடா" என்றார். பிறகு, "நீங்க… அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி கொட்டகையில மண்ணு சலிச்சிட்டிருந்தேன் சார். மூணு வருஷம். சாயங்காலம் நீங்கதான் வந்து தாள் வாங்கிட்டுப் போவீங்க."

"ஓ… ஆமா ஆமா. ரொம்ப நாளாச்சு பாருங்க." தொகுதியை மூடி, மேல் அட்டையைக் கையால் துடைத்து மேசையில் வைத்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். படியில் அவர் இறங்கிப் போகும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

மறுநாள் காலை ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. ஒன்பதாவது பக்கத்து விதியில் 'ஆறு பேருக்கு மேல்' என்பதை 'ஏழு பேருக்கு மேல்' என்று திருத்தியாகிவிட்டது, கோப்பையும் அதற்கேற்ப மாற்றவும். அக்கா ஏழை அழித்து எட்டு என்று போட்டார். பழைய கட்டுரையை வரவழைத்தார். ஏழு பெயரும் ஒரே வரியில் வந்து நின்றன.

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

"ஜெயிச்சிட்டீங்க அக்கா! இனிமே அந்த ஜர்னல்ல யாரு அதைக் குறிப்பிட்டாலும் உங்க பேரு வரும். சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தான்" என்றார். கோப்பைச் சேமித்தார், அனுப்பினார், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான்னு சொன்னப்புறமும் அவருக்கு என்னை ஞாபகம் வரலடி."