மூன்று மணி என்று எழுதியது நான்தான்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் ஆப்பிரிக்கப் பொருளாதாரம் பற்றி எழுதினால் யார் வாசிப்பார்கள்? ஆனால் ஜெர்மனியில், பான் நகரத்தில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு நான் அதைப் பேசியே இருக்கிறேன். எழுத மட்டும் என்ன வெட்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அகதி விடுதியில் என் அறைத்தோழன் கானா நாட்டுக்காரன். ஊரில் பொருளாதாரம் படித்துப் பாதியில் விட்டு வந்தவன். எங்கள் ஆட்களோடு சமைத்துச் சமைத்து யாழ்ப்பாணத் தமிழே பேசுவான். விட்ட படிப்பை இங்கே தொடர வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு ஆசை. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், அவன் பேச்சைக் கேட்டபிறகு சிபாரிசுக் கடிதம் தருவதா என்று பார்க்கலாம் என்றிருந்தார். பக்கத்துத் தேவாலயம் ஒரு சனிக்கிழமைக்கு மண்டபம் தந்தது. தலைப்பு: ஆப்பிரிக்காவுக்கு உதவி மட்டும் போதுமா?

அறிவித்தல் எழுதி ஒட்டும் வேலை என்னுடையது.

"அஞ்சு மணி எண்டு போடு. நாலரைக்குத்தான் எனக்கு வேலை முடியும்" என்றான்.

மூன்று என்று போட்டேன். எங்கள் கல்யாணவீட்டுக்கு ஐந்துக்குச் சனம் வேண்டுமென்றால் அட்டையில் மூன்று என்றுதான் அடிப்போம். அவனிடம் சொல்லவில்லை. நல்லதைச் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதா?

சனிக்கிழமை இரண்டே முக்காலுக்கு நாங்கள் பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டோடு போனால், வாசலில் முப்பது ஜெர்மன்காரர் வரிசையாக நிற்கிறார்கள். மூன்றுக்கு எல்லாரும் இருந்தாயிற்று. விரிவுரையாளர் முன்வரிசையில். பேச்சாளனோ ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

ரோல்ஸ் மூன்றரை வரை தாங்கியது. கோப்பி நாலு வரை. பிறகு விரிவுரையாளர் எழுந்து கோட்டைப் போட்டார். கடிதம் அந்தக் கோட்டோடு போகப்போகிறது என்று விளங்கியதும் மேடையில் ஏறினேன். எனக்கு என்ன தெரியும்? அவன் தினமும் சமையலறையில் எங்களை அறுப்பதையே எடுத்துவிட்டேன். என் ஜெர்மனைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"எங்கட விடுதிக்குக் கிழமைக்கொருக்கா சாப்பாட்டுப் பொதி வரும். கறுப்புப் பாண், சீஸ், தகரத்தில அடைச்ச முட்டைக்கோவா. என்ன சாப்பிடுவியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. ஆனா வாங்கினதுக்குக் கையெழுத்து வைக்கவேணும். தன்ர நாட்டுக்கு வாற உதவியும் கனக்க இப்பிடித்தான் எண்டு என்ர சிநேகிதன் சொல்லுறான்."

முன்வரிசையில் ஓர் அம்மா சிரித்தார். எனக்கு அது போதும்.

"சமையலறைப் பூட்டுத் திறப்பு ஒரு வருசமா எங்கட யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தரிட்ட. அவற்ற ஆக்களுக்கு ஆறு மணிக்கு அடுப்பு, மற்ற ஆக்களுக்கு ஒன்பதுக்கு. கூடாத மனுசன் இல்லை. ஒருத்தரும் கேள்வி கேக்கேல்ல, அவ்வளவுதான். இவன்தான் திறப்பு கிழமைக்கு ஒரு ஆளிட்ட மாறவேணும், முறையைக் கதவில எழுதி ஒட்டவேணும் எண்டு நிண்டான். நாட்டுக் கஜானாத் திறப்பும் அப்பிடித்தான் எண்டுவான்."

"அந்த அண்ணன் ஒத்துக்கொண்டாரா?" விரிவுரையாளர் நின்றபடியே கேட்டார்.

"மூண்டு நாள் கதைக்கேல்ல. நாலாம் நாள் தன்ர முறை எப்ப எண்டு வந்து கேட்டார்."

அவர் கோட்டைக் கழற்றினார்.

"கொக்கோக் கொட்டை அங்கயிருந்து வருது, சொக்லேட் இஞ்சயிருந்து போகுது. இடையில இருக்கிற லாபம் ஆருக்கு எண்டதை அவன் வந்து சொல்லுவான். எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க அவன் வந்தான், இரவல் டையோடு. முதல் ஆளாக வந்து கதிரை மேசை அடுக்கலாம் என்று நினைத்தவன், நிறைந்த மண்டபத்தையும் வெறும் தட்டுகளையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

நன்றாகத்தான் பேசினான். துறைமுகம், தெரு, கடன், பக்கத்து நாடுகளோடு வியாபாரம், நான் தொடாததெல்லாம் வந்தது. சமையலறைத் திறப்பு என்று வாய் திறந்ததும் சனம் முன்கூட்டியே சிரித்தது. அது ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. முடிவில் விரிவுரையாளர் அவன் கையைப் பிடித்து, திங்கட்கிழமை வந்து கடிதத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டிராம் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவன் டையைக் கழற்றி மடித்தான். நான்தான் சும்மா இருக்கமாட்டேனே.

"மச்சான், நீ ஊருக்குப் போய் மந்திரியா வந்தா எனக்கு என்ன பதவி தருவாய்?"

"எதையும் தருவன், மணிக்கூட்டை மட்டும் உன்ர கையில தரமாட்டன்."