மகள் படிக்காமல் கையெழுத்திட்ட கடிதம்

மாநகராட்சியின் மட்டாஞ்சேரி அலுவலகத்தில், சுகாதாரப் பிரிவில் நான் எழுத்தராக இருக்கிறேன். மெமோ வாங்கியவர்கள் நேராக என் மேஜைக்குத்தான் வருவார்கள். தாமதமாக வந்த பியூன், கொசு மருந்து அடிக்கப் போகாத பணியாளர், மேலதிகாரியிடம் வாய் கொடுத்த டிரைவர் என்று எல்லாருக்கும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் நான். தப்பு செய்தீர்களா என்று கேட்பது என் வழக்கமில்லை. நேர்ந்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது, இம்முறை பொறுத்தருள வேண்டும் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. அவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அதிகாரி படிக்காமலே குறிப்பு எழுதுவார். கோப்பு மூடப்படும். என் கடிதத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

அப்படி ஒரு கடிதத்தை என் மகளுக்கும் எழுதினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட ராக்கெட் வேலைக்குக் குறுக்கே அந்தக் கடிதம் போய் நின்றது. நான் செய்தது தப்பு என்று தெரிகிறது. மற்றபடி இந்த விஷயத்தில் யார் சரி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

எழுபதுகள் முடியும் சமயம் அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். நம் நாட்டு ராக்கெட் ஒன்று கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் கணவர் போட் ஜெட்டியில் டிக்கெட் கொடுப்பவர். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"இங்க இருக்கிற அக்கரைக்குப் போற போட்டே நேரத்துக்கு வர மாட்டேங்குது. இவங்க ஆகாசத்துக்குப் போறாங்களாம்."

"விழுந்ததும் நல்லதுதான்ப்பா. எங்க தப்புன்னு இப்பத் தெரியும்ல?"

"கணக்குல மார்க்கு கொறஞ்சப்பவும் இதத்தான்டி சொன்னே."

அவள் விடவில்லை. இடக்கொச்சியில் அவளுடைய சித்தப்பா வலை போடப் போகுமுன் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். ராக்கெட் கொண்டுபோய் விட்ட செயற்கைக்கோள் ஒன்று மேலே நின்று பார்த்துச் சொன்னால் காற்று வருவது அவருக்கு முன்னாடியே தெரியும் என்றாள். "அதுக்கு அவன் மொதல்ல ரேடியோ வாங்கணும்" என்றார் இவர். எனக்கு இருவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

கல்லூரியில் கணிதம் படிக்கும்போது அவள் பேச்சு இன்னும் கூடியது. என் மேஜையில் காசநோய் மருந்துக்கான விண்ணப்பங்கள் எப்போதும் குவிந்து கிடக்கும். ராக்கெட்டுக்குச் செலவழிப்பதை மருந்துக்குச் செலவழிக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அந்த மருந்து இந்த வெலைக்கு எப்படி வருதுன்னு நெனைக்கிறேம்மா? நம்ம சட்டத்துல மருந்துக்குப் பேட்டண்ட் கெடையாது. அதச் செய்யுற வழிக்கு மட்டும்தான். வேற வழில செஞ்சா ஒருத்தனும் கேக்க முடியாது. மருந்துக்கே பூட்டு போட்டா, பூட்டினவன் சொன்னதுதான் வெல. ராக்கெட்டும் அப்படித்தான். கேட்டாச் சொல்லித் தர மாட்டாங்க. நாமளே விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கணும். ஒருத்தருக்குத் தெரிஞ்சத இன்னொருத்தர் கத்துக்கக் கூடாதுன்னு பூட்டி வைக்கிறது பாவம்."

"அப்ப பரீட்சையில பக்கத்துல இருக்கிறவளுக்குப் பேப்பரக் காட்டுவியா?" என்றார் என் கணவர்.

"காட்டியிருக்கேனே."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பட்டம் வாங்கியதும் யூதர்கள் இருந்த ஜூ டவுன் பக்கம் ஒரு மிளகு ஏற்றுமதிக் குடோனில் வேலை கிடைத்தது. அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். உள்ளே குளிர், வெளியே மிளகுத் தூசி. கதவைத் திறந்த ஒவ்வொருவரும் தும்மினார்கள். தையல் மெஷினுக்குப் போடுவதுபோல அதற்கும் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள்.

அங்கே அவள் ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். குடோனில் ஒவ்வொரு குவியல் மிளகுக்கும் ஈரம் வேறு, எடை வேறு. வாங்குபவர் கேட்கும் தரம் வர எந்தக் குவியலோடு எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அந்த ப்ரோக்ராம் கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுக்கும். முன்பு இரண்டு நாள் ஆன வேலை, சாயா குடித்துவிட்டு வருவதற்குள் முடியும் என்று பெருமையாகச் சொன்னாள். அதே சமயம் திருவனந்தபுரத்தில் ராக்கெட் சம்பந்தமான அரசு வேலை ஒன்றுக்கும் விண்ணப்பித்திருந்தாள்.

பக்கத்துக் குடோனில் ஒரு பெண் இதே கணக்கைக் கையால் போட்டுத் தினமும் கடைசி போட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அவர்களும் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். என் மகள் தன் ப்ரோக்ராமை ஒரு ஃபிளாப்பியில் பதிந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். மறைக்கவும் இல்லை. பட்டப்பகலில், குடோன் வாசலில் நின்று கொடுத்தாள்.

மறுநாள் முதலாளி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருட்டு என்ற வார்த்தையைச் சொன்னாராம்.

"நான் பாத்திரத்தத்தான்மா கொடுத்தேன், கொழம்பக் கொடுக்கல. அவரோட மெளகுக் கணக்கு ஒண்ணுகூட அதுல இல்ல" என்றாள். எனக்கு அந்த வித்தியாசம் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அவளுக்குத் தெரியாமல் முதலாளியைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார்.

"சேச்சி சொல்லு. மேசை எண்டெ, மெஷின் எண்டெ, கறண்டு எண்டெ, மிளகும் எண்டெ. அதில் உண்டாக்கின சாதனம் மட்டும் எப்படி மோளுடேதாகும்?"

எல்லாம் என்னுடையது, அதில் செய்தது மட்டும் எப்படி உன் மகளுடையதாகும் என்று கேட்கிறார். எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்த்து இதற்குப் பேட்டண்ட் எடுக்க முடியுமா என்று கேட்டாராம். கணக்குக்கெல்லாம் பேட்டண்ட் கிடையாது, பதிப்புரிமை வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம் என்றாராம் வக்கீல். "கேஸுக்குப் போக நான் இல்ல. மோள் ஒரு விளக்கம் எழுதித் தரட்டும். பின்னே பாக்கலாம்" என்றார்.

விளக்கம் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. என் கைக்குப் பழகிய வேலை அல்லவா?

வீட்டில் சொன்னதும் வக்கீல் சொன்ன பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா? கணக்குக்கு எவனாவது பேட்டண்ட் எடுப்பானா?" என்று குதித்தாள். பிறகு ஒரு தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். நான் கொடுத்தது நான் எழுதிய ப்ரோக்ராம். உங்கள் கணக்கு எதுவும் அதில் இல்லை. கேட்காமல் கொடுத்ததற்கு வருந்துகிறேன். திருட்டு என்று சொன்னதற்கு நீங்கள் வருந்த வேண்டும்.

முதலாளியையே வருந்தச் சொல்லும் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசில் டைப் செய்து கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் விரல்கள் பழைய வழியிலேயே போயின. நிறுவனத்தின் உடைமையை அனுமதியின்றி வெளியாருக்கு அளித்த என் செயலுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது. பொறுத்தருள வேண்டும்.

மறுநாள் காலை அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன்.

"எதையாவது மாத்தினியா?"

"எழுத்துப்பிழை ரெண்டு இருந்துது. அவ்வளவுதான்."

"என் இங்கிலீஷ்லயா? உன் டைப்ரைட்டர்லதான் பிழை" என்று சிரித்தாள். ஒரு கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் கையெழுத்துப் போட்டாள்.

குடோனில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கவலைப்படவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்து திருவனந்தபுரம் போய்விட்டு வந்தாள். கேள்விகள் நன்றாக இருந்தன என்று முகம் மலரச் சொன்னாள். கோப்பு மூடியாயிற்று என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அரசு வேலைக்கு முன் நடக்கும் விசாரணை. சாயா கொடுத்தோம். அவர் மலையாளத்தில் பேசியதை எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். பள்ளி, கல்லூரி எல்லாம் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு ஃபோட்டோஸ்டாட் தாளை எடுத்தார்.

"முன்னாடி வேல செஞ்ச எடத்துல இதக் கொடுத்தாங்க. கம்பெனி சாமானை வெளிய கொடுத்ததா மோளே எழுதிக் கொடுத்திருக்கு. ரகசியம் காக்க வேண்டிய எடத்துக்கு எடுக்கிற ஆள். நான் என்னன்னு எழுதட்டும்?"

என் மகள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இது என் லெட்டர் இல்ல" என்று தொடங்கியவள், அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்" என்றாள். தாளை அவரிடமே நீட்டினாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தத் தாள்தான் அவளாகிவிடும்.

"நான் எழுதினது சார். அவ எழுதினது வேற. நான் மாத்திட்டேன். அவ படிக்கல."

"படிக்காம கையெழுத்தா?" என்றார் அவர். "ராக்கெட் ஆபீசுக்குப் போற பொண்ணு?"

நான் உண்மையைச் சொன்னதால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டதா என்று புரியாமல் நின்றேன். வாசல் பக்கமிருந்து என் கணவர் சொன்னார்: "சார், இவ பேப்பர நீட்டினா இந்த வீட்டுல யாரும் படிக்கிறதில்ல. என் கல்யாணத்துக்கும் அப்படித்தான்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சேச்சி சொன்னத எழுதிக் கொடுங்க. இதோட சேத்து வெக்கிறேன். மேல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நேர்ந்த தவறுக்கு என்றுதான் கை முதலில் எழுதியது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் கிழித்தேன். அவர் இரண்டாவது சாயாவைக் குடித்து முடித்தார். மூன்றாவது தாளில், கடிதத்தை எழுதியது நான், என் மகளின் கடிதத்தை மாற்றினேன், மாற்றவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன் என்று எழுதி அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன்னு எழுதலியே."

"என்னன்னு எழுத?"

"அது உனக்குத்தானே தெரியும்."

பயத்தால் என்று எழுதினேன். எதைக் கண்டு பயம் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கேட்கவில்லை. மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டாயா, மழை வருமா, மீன் வாங்கட்டுமா என்று பேச்சு அதற்குள்ளேயே நின்றது. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும் நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வேலை கிடைக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்ட பிறகு நியமன உத்தரவு வந்தது. என் தாளை யாராவது படித்தார்களா, அல்லது எங்கள் அலுவலகத்தில் நடப்பதுபோலப் படிக்காமலே குறிப்பு எழுதினார்களா, தெரியாது.

உத்தரவோடு ஓர் உறுதிமொழிப் படிவம் இருந்தது. அலுவலகத்தில் அறிந்த எதையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். அதை இரண்டு நாள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டி வைக்கிறது பாவம்னு சொன்னவ நீதானே?" என்று கேட்டேன். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"தெரியும்மா. அதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். வேற நாட்டுக்காரன் நமக்குப் பூட்டுறான்னு கோவப்பட்டேன். இப்ப நானும் ஒரு பூட்டு. உள்ள போகாமக் கத்துக்க முடியாது. போனாச் சொல்லித் தர முடியாது."

மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். என்ன முடிவுக்கு வந்தாள் என்று சொல்லவில்லை.

அவள் வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம் கழித்துக் குடோன் முதலாளி எங்கள் அலுவலகத்துக்கே ஆள் அனுப்பினார். கம்ப்யூட்டர் ஒரு கணக்கில் நின்றுபோகிறதாம், மோள் லீவில் வரும்போது கொஞ்சம் பார்த்துக் கொடுக்குமா என்று கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளோ லீவில் வந்ததும் போய்ச் சரி செய்துவிட்டு வந்தாள். பக்கத்துக் குடோனிலும் அதே கோளாறு இருக்கும் என்று அங்கேயும் போனாள். ஏன் போனாய் என்று கேட்டதற்கு, "தப்பு என்னோடதும்மா. ஒரு எடத்துல ஈரம் பூஜ்யமானா என்ன செய்யணும்னு எழுதாம விட்டுட்டேன்" என்றாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிறேன். "கணக்குதான்மா" என்கிறாள். முன்பெல்லாம் குடோனில் யார் எத்தனை முறை தும்மினார்கள் என்பது வரைக்கும் சொல்வாள். இந்த மௌனம் அங்கே கையெழுத்துப் போட்ட தாளினாலா, இங்கே போட வைத்த தாளினாலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளிடம் கேட்கவும் தைரியமில்லை.

போன மாதம் அவள் வந்திருந்தபோது, என்ன வேலை என்று அவளிடம் கேட்டுவரும்படி என் கணவரை அனுப்பினேன். அவரிடம் மட்டும் ஏதாவது சொன்னாள் என்றால் குற்றம் என்னுடையது என்று தெரிந்துவிடும். இருவரும் ஜெட்டிவரை நடந்துபோய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். தெருமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் குளிக்கப் போனதும் அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டேன்.

"என்ன சொன்னா?"

"கணக்குன்னுதான் சொன்னா. எங்கிட்டயும் அதேதான்."

அப்பாடா என்று இருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். ஒரு மணி நேரமும் கணக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியா அவ்வளவு சிரித்தார்கள் என்று அப்புறம்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.