மிச்ச நாடா

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு பீரோவை ஒழித்தேன். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கேசட் கிடந்தது. மூடியைத் திறந்ததும் எழுந்த நாடாவின் லேசான புளித்த வாசம், உக்கடத்தில் இப்போது மேம்பாலத் தூண் நிற்கிற இடத்தில் இருந்த பாய் ஒருவரின் பாட்டுப் பதிவுக் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத அப்பா, புதிதாக வந்த இந்திப் படத்தின் பாட்டுகள் ஒன்று விடாமல் வேண்டுமென்று வெற்றுக் கேசட்டோடு ஞாயிறுதோறும் அங்கே போவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, சுழலும் இசைத்தட்டையும் குதிக்கும் சிவப்பு விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா இல்லாத வீட்டுக்குத் திரும்ப அவருக்கு அவசரமே இருக்காது.

பாட்டுகள் தீர்ந்தும் நாடா கொஞ்சம் மிஞ்சும். மற்ற கடைகளில் வேறு படப் பாட்டு ஒன்றைப் பாதியில் வெட்டி ஒட்டிவிடுவார்கள். பாய்க்கு அது ஆகாது. “வெறும் நாடாவா உடக்கூடாதுங்க” என்று மைக்கை முன்னால் நிறுத்தி, கம்பிகளுக்கு மேல் தட்டச்சுப் பொறிபோல் பொத்தான்கள் வைத்த புல்புல்தாராவை எடுத்து, அதே படத்தின் பாட்டைத் தானே வாசித்து நிரப்புவார். அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்று என் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அதனால் பழைய டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, கடைசிக்கு ஓட்டினேன். கம்பிகள் அதிர்ந்தன. தூரத்தில் பஸ் ஹாரன். நடுவே ஒரு சின்னக் குரல், என்னுடையது.

“அப்பா, ஊட்டுக்குப் போலாங்களா?”

“இரு கண்ணு, இது முடியட்டும், போயிரலாம்.”

பாட்டு முடியவில்லை. நாடா தீர்ந்து, டக்கென்று பொத்தான் மேலே வந்துவிட்டது.