ஏற்காட்டில் ஒரு வாண்டா

பன்னிரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாண்டா என்கிற ஆர்க்கிட்டின் வேரைக் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். மரத்தைத் தொற்றி வாழும், ஆனால் மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது, காற்றில் தொங்கும் வேராலேயே ஈரத்தைக் குடித்துக்கொள்ளும் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். ஆனால் ஒரு வாண்டாவைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. குரோம்பேட்டையில் எங்கே போய்ப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரத்திலா? இந்த வெட்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், எங்கள் காலனிக்காரர்கள் வேன் பிடித்து ஏற்காடு போகத் தீர்மானித்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அவர்களுக்குப் படகு சவாரி, எனக்கு வாண்டா. பூவோடு ஒன்றையாவது பார்க்காமல் மலை இறங்குவதில்லை என்று மனதுக்குள் சபதம்.

வேனில் என் பக்கத்து சீட்டு எதிர்வீட்டு அக்காவுக்கு. மடியில் ஈரத் துணி விரித்த ஒரு பிளாஸ்டிக் கூடை. டூர் போன இடத்தில் செடி கிள்ளிக்கொண்டு வருவது எங்கள் காலனிப் பெண்களின் வழக்கம். ரோஜாவோ குரோட்டன்ஸோ, யார் வீட்டு வேலி என்றெல்லாம் பார்ப்பதில்லை. கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காதாம், திருடினால்தான் பிடிக்குமாம்! இதில் அக்காதான் ராணி. என் செம்பருத்தியை மொட்டையடித்தார் என்று இரண்டு மாதம் அவரோடு நான் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அன்று சேலம் வரும்வரை அவருக்கு ஆர்க்கிட் பாடம் நடத்தினேன். விதை தூசி மாதிரி இருக்கும், முளைப்பதே கஷ்டம், பூக்க வருஷக்கணக்காகும் என்றேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே 'ம்' கொட்டியவர், பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மலைப்பாதையில் ஒரு வளைவில், மரக்கிளையில் கொத்தாகச் சிவப்புப் பூ தெரிந்தது. "நிறுத்துங்க! ஆர்க்கிட்!" என்று நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். வேனே இறங்கி அண்ணாந்து பார்த்தது. நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். புல்லுருவி! மரத்தை உறிஞ்சிப் பிழைக்கிற ஒட்டுண்ணி. அதையும் நான்தான் பாடம் நடத்துகிறேன், கர்மம்.

"இன்னா டீச்சர், இத்த பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்? நம்ம வூட்டு மாமரத்துலயே கீது" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் கணவர். மனுஷனா அவர்!

அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கிளம்பும் நாள் காலையில் கடைசியாக ஒரு பூங்காவுக்குப் போனோம். அங்கேயும் ஒன்றும் இல்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் பூங்காவின் காட்டோரத்திலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"டீச்சர், இங்க வாங்களேன். நீங்க சொன்ன வேர் இதானான்னு பாருங்க."

நான் மர உச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எப்போதும் கைக்கு எட்டுகிற உயரத்தில்தானே தேடுவார்! இடுப்பளவில், பாசி பிடித்த ஒரு கிளையிலிருந்து வெளுத்த வேர்கள் தொங்கின, நுனி மட்டும் பச்சை. நான் வரைந்த படம் அப்படியே. மேலே ஒரே ஒரு கொத்துப் பூ. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு மஞ்சள், நடுவில் குட்டியாக ஊதா உதடு. "ஐயோ, என் தங்கமே!" என்று கத்திவிட்டேன். முப்பத்தெட்டு வயதில், கட்டிய புடவையோடு குதித்தேன்.

இதை என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? கை தானாகவே அந்தக் கொத்துக்குப் போயிற்று. பட்டென்று என் கைமேல் ஓர் அடி விழுந்தது.

"கைய எடுங்க டீச்சர்."

"அக்கா, நீங்களா இதைச் சொல்றீங்க?"

"ரோஜாவ கிள்ளினா நாலு நாள்ல துளிர்க்கும். இது பூக்க வருஷக்கணக்காகும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தூங்கிட்டேன்னு நெனச்சீங்களா?"

பன்னிரண்டு வருடத்தில் என் பாடத்தை இப்படிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

"சும்மா இருங்க, டீச்சர் இன்னும் பாத்து முடிக்கல!" என்று அக்கா போட்ட சத்தத்தில் ஹாரன் அடங்கிவிட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆசை தீரப் பார்த்தேன்.