மொட்டைத் தலையும் இறகுத் தூண்டிலும்

போன வாரம் என் தலையில் மூன்று இடத்தில் ரத்தக் காயம். யாரும் அடிக்கவில்லை. நானேதான்...

விவரமாகச் சொல்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் இருந்த வெளிநாட்டு ஃபாதர், ஊர் திரும்பும்போது என்னிடம் ஒரு தூண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். 'ஃப்ளை ராட்' என்று பெயர். புழு கிடையாது, தக்கை கிடையாது. சேவல் இறகைக் கொக்கியில் கட்டி, பூச்சி என்று மீனை ஏமாற்ற வேண்டும். கொக்கிக்கு எடையே இல்லை. கனமான கயிறுதான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். கரையில் நின்றே கடல் மீன் பிடிக்கலாம் என்றார்.

கடலா? நான் இருப்பது கடல் வாசமே படாத நல்லம்பள்ளிப் பக்கம்! ஆனாலும் மனசு கேட்கவில்லை. அறுவடை முடிந்த கேழ்வரகுக் காட்டில் தினமும் சாயங்காலம் வீசிப் பழகினேன். கொக்கிக்குப் பதில் கம்பளி நூல். கயிற்றைப் பின்னால் வீசி, அது முழுசாக நீளும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கும்.

மச்சினன் அருளப்பன் வரப்பில் உட்கார்ந்துகொண்டு கேட்பான்: "மாமா, இன்னிக்கு எத்தன மீனுங்க? வூட்ல மசாலா அரைக்கச் சொல்லட்டுங்களா?"

ஊரே சிரித்தது. ஒரே ஒரு மீன்... கடலில் ஒரே ஒரு மீன் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

வாய்ப்பும் வந்தது. வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் — எனக்கு மொட்டை, மறுநாள் காலையில் பூசை. மொட்டையில் சந்தனம்கூடக் காயவில்லை. மனைவி ஸ்டெல்லாவோடு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டேன். "ஒரு மணி நேரம்தாங்க. ஜெபமாலைக்கு லேட்டாவக் கூடாது" என்றாள்.

கடலைப் பார்த்து நின்று முழு பலத்தோடு வீசினேன். எங்கள் காட்டில் காற்று முதுகில் படும்படி நின்றே பழகியவன். இங்கே முகத்தில் அடிக்கிறதே! பாதி தூரம் போன கயிறு திரும்பி வந்தது. கொக்கி நேராகப் புது மொட்டையில்! முடி இருந்திருந்தால் தாங்கியிருக்கும். மறுபடி வீசினேன். மறுபடியும்...

மூன்றாவது கீறலைத் துடைத்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள்: "அலையோரம் நிக்கற அந்தக் கொக்கப் பாருங்க."

"கொக்குக்கு என்ன இப்போ?"

"அது என்ன நடுக்கடலயா பாத்துட்டு நிக்குது? காலுகிட்டதான பாக்குது. நீங்க எதுக்குங்க அவ்ளோ தூரம் வீசறீங்க?"

ஏர் ஓட்டும்போது கொக்கு எங்கே இறங்குகிறது என்று பார்த்து வளர்ந்தவள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். எனக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

தெற்கே திரும்பி நின்றேன். காற்று இடப்பக்கமிருந்து வந்து, கொக்கியைத் தலையைவிட்டுத் தள்ளிக்கொண்டு போனது. கரையை ஒட்டி, அலை உடைந்து நுரைக்கும் பள்ளத்தில், பத்தே அடி தூரத்தில் போட்டு, விட்டுவிட்டு இழுத்தேன்.

படக்கென்று ஓர் இழுப்பு! சாண் நீளத்தில், பளபளவென்று ஒரு மீன். "பாரைக் குஞ்சு சார்" என்றார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுண்டல்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பூசை முடியற வரைக்கும் கவுச்சி தொடமாட்டோம்னு நேந்துக்கிட்டமே... மறந்துட்டீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

சுத்தமாக மறந்துவிட்டேன். முப்பது நாள் விரதத்தின் கடைசி சாயங்காலத்தில், என் கையில் துள்ளுகிறது மீன்! ஒரு ஃபோட்டோ? கேமராவில் இருந்த ஃபிலிம் ரோல் என் மொட்டையிலேயே தீர்ந்துபோயிருந்தது. அருளப்பன் முகம் கண்முன் வந்தது. மனசே இல்லாமல் மீனைத் தண்ணீரில் விட்டேன்.

ஊருக்கு வந்ததும் அவன் முதல் கேள்வியே, "மீன் எங்கீங்க மாமா?"

நடந்ததைச் சொன்னேன். என் தலையை உற்றுப் பார்த்தான். "அப்ப கடல்ல மாட்டுனது நீங்கதானுங்களா!"

"மீனு மாட்டுச்சுடா. நான் கண்ணால பாத்தேன்" என்றாள் ஸ்டெல்லா. சொல்லும்போதே ராடு அவள் கையில் இருந்தது. என் பக்கம் திரும்பி, "பின்னால நீள்றதுக்கு எவ்ளோ நேரங்க பொறுக்கணும்?" என்றாள்.

மூன்று நாளாகக் காட்டில் வீசுவது அவள். வரப்பில் அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான் — தலையில் கெட்டியாகத் துண்டைக் கட்டிக்கொண்டு!