வெறுங்கையின் முகம்

இந்த ஊரில் பால் வாங்கப் போனால் கடை வாசலிலேயே சூதாட்ட மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. காலை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே என் வயதுப் பெண்கள் உயரமான நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்து, மொச்சை உரிக்கிற மாதிரி யோசனையில்லாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் அது கரண்டு பில் கட்டுகிற மெஷின் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குப் பின்னால் மரியாதையாக நின்றேன். அவள் முடித்துவிட்டுப் போனால் எப்படிக் கட்டுவது என்று பார்த்துக்கொள்ளலாமே. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். கடைசியில் கையை வீசி என்னவோ கத்தினாள். என் மகன் சகாயம் பால் அடுக்கிய அலமாரி அருகிலிருந்து ஓடிவந்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"பின்னாடி ஆளு நின்னா ராசி போயிடுமாம்மா. அதான் கத்தறா."

"தாலியறுத்தவ எதுக்க வந்தா சகுனம் ஆவாதுன்னு மூஞ்சத் திருப்பிக்கறவள நம்மூர்லயே பாத்துட்டன். இதுக்கு இவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல வரணுமாடா?" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சகாயம் எனக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று அமெரிக்கா வந்தவன், அதை விட்டுவிட்டு இந்த லாஸ் வேகாஸ் ஊரில் போக்கர் என்கிற சீட்டாட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறான். கட்டியவள் அது பிடிக்காமல் பிரிந்து போனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் என்னைக் கேட்கக் காரிமங்கலம் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள்; கோயில் பாட்டுப் புத்தகத்தில் பழகிய எழுத்துத்தான் இது. ஆனாலும் சொல்ல வேண்டியதை நானே எழுதுவதுதான் முறை. அவன் அப்பா காலமானதும், தனியாக இருக்க வேண்டாம் என்று என்னை அழைத்து வந்தான். நான் இங்கே இருப்பதற்காக வரவில்லை, அவனைத் திருப்பிக் கூட்டிப்போக வந்தேன். நிலம் இருக்கிறது. ஓடு போட்ட வீடு இருக்கிறது. அவன் வந்து கதவைத் திறந்தால் போதும். எனக்கு வேறு காரியம் இல்லை.

நம் பக்கத்தில் சீட்டு என்றால் சந்தைக்குப் பின்னால் புளியமரத்தடியில் துண்டு விரித்து ஆடுவது. போலீஸ் வந்தால் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார்கள். மறுநாள் அவரவர் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு போய்ச் செருப்பைப் பொறுக்கி வருவாள். நான் அப்படிக் குனிந்து போனதில்லை. என் வீட்டுக்காரர் சீட்டைத் தொட்டதில்லை. அதனால் சகாயம் தன் தொழிலைச் சொன்னபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் செருப்புகள்தான்.

"இது அந்தச் சீட்டு இல்லம்மா. இது கணக்கு. மூள வேல."

"மூள இருக்கறவன் கெடச்ச வேலய வுடுவானா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து விளக்கினான். ஒவ்வொருவர் கையிலும் மற்றவர் பார்க்காத இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். தன் கை பெரிது என்று நினைப்பவன் பணத்துக்குப் பதிலாக வைத்திருக்கிற வில்லைகளை முன்னே தள்ளுவான். சிறிது என்று நினைப்பவன் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கையில் ஒன்றுமில்லாதவனும் பெரிய கைக்காரன் மாதிரி தள்ளலாம். எதிராளி பயந்து ஒதுங்கினால் ஒன்றுமில்லாதவனுக்கே எல்லாம். நல்ல ஆட்டக்காரன் வருகிற சீட்டில் பெரும்பாலானதைப் பார்த்ததும் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானாம். மற்றவர்களைப் பேச விட்டுக் கடைசியில் பேசுகிற இடத்தில் இருப்பவனுக்குப் பலம் அதிகமாம்.

கேட்கக் கேட்க எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவர் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். அங்கே மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைகளுக்குமேல் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவது முகம் ஒன்றுதான்; அதைத் துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் விலையை அவர் சொல்லவே மாட்டார். தான் விற்றுக்கொடுக்கிற மாட்டில் குறை ஏதும் இல்லையென்றால் சிடுசிடுப்பாக இருப்பார். குறை இருந்தால் முகம் அப்படியே சாந்தமாகிவிடும், மாதா கோயில் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் மாதிரி. சந்தை முழுக்க அந்த முகத்தை நம்பியது. நான் நம்பியதில்லை. அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தே, இன்றைக்கு இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று சொல்லிவிடுவேன். சகாயத்துக்கு அவர் முகம் அப்படியே வந்திருக்கிறது.

அவன் ஆடுகிற இடத்துக்குப் பகலில் என்னையும் சில நாள் கூட்டிப்போவான். ஜன்னல் இல்லாத பெரிய கூடம். எப்போதும் குளிர். எங்கேயும் கடிகாரம் மாட்ட மாட்டார்கள். மேசைக்கு வெளியே ஒரு கம்பி. வேண்டப்பட்டவர்கள் அதன் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். தொழிலாக ஆடுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் மாதிரி இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு பையன் தலைக்கு முக்காடு போட்டு, காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஆடுவான். அவனுக்கு ஆட்டம் முழுக்கக் கம்ப்யூட்டரில் படித்த பாடம். வியட்நாம்காரி ஒருத்தி, முன்பு நகத்துக்குச் சாயம் போடும் கடை வைத்திருந்தவளாம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வேண்டாத சீட்டைப் போட்டுக்கொண்டே இருப்பாள். அவள் வில்லையைத் தள்ளினால் மேசையே ஒதுங்கிவிடும். இன்னொருவன் நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் ஒரு பெரிய கை தோற்றால் சாராயம் குடித்தவன் மாதிரி எல்லாச் சீட்டுக்கும் மோதிக்கொண்டு நிற்பான். அதற்கு 'டில்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு தொப்பிக்காரக் கிழவர். வெள்ளைத் தாடி. வாய் ஓயாது. நாய்க்குட்டி, முட்டிவலி, நேற்றைய சாப்பாடு என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். "இவரு வாய்த் தரகரு, சாக்கிரதையா இரு" என்று சகாயத்திடம் சொன்னேன். பேசுகிற தரகன் சொல்வதற்காகப் பேசுவதில்லை, நம்மைப் பேச வைக்கப் பேசுகிறான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "தூக்கிப் போடறதுதான் பெரிய வித்தன்னு சொல்றியே, இந்த ஊரத் தூக்கிப் போடேன்டா."

"அதுக்கும் நேரம் பாக்கணும்மா."

"எப்ப வரும் அந்த நேரம்?"

"சரியா ஆடிட்டே இருக்கணும். சீட்டு எப்பிடி விழும்னு நம்ம கையில இல்ல. லாங் ரன்ல எல்லாம் சரியாயிடும்."

எனக்கு அந்த வார்த்தை புதிதாகத் தோன்றவில்லை. மானாவாரி நிலத்தில் கடலை போட்ட நாங்களும் அதைத்தான் சொன்னோம். சரியாக உழுதோம், விதையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போட்டோம். மழை வரவில்லை. அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று என் மாமனார் சொன்னார், பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். சொன்னவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிலம் அங்கேயேதான் காய்ந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஒரு பெரிய போட்டி வந்தது. காரில் போகும்போது சகாயமே சொன்னான்: "அம்மா, இதுல கடைசி வரைக்கும் நின்னுட்டன்னு வெச்சிக்கோ, எல்லாத்தயும் வுட்டுட்டு உன்னோட ஊருக்கு வந்துடறன். சத்தியமா." நான் பின்சீட்டில் இருந்தேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. குரலை நம்பினேன். கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்த அந்தத் துணித்துண்டுக் கயிற்றை, ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மாமியார் வழி வந்தது. வீட்டில் அரிசி இருக்கிற நாளில் அரிசி கேட்டு வேண்டக் கூடாது. இருக்கும்போது கேட்பது பேராசை, மாதாவைத் தொந்தரவு செய்வது. கை வெறுமையான நேரத்தில் உத்தரியத்தை வாயில் வைத்து முத்தி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்திலேயே என் ஆயுசு போய்விட்டது. கை தானாகப் போகும்.

கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "நீ சும்மா ஒக்காந்திரும்மா, ஒன்ன யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொருவராகத் தோற்று எழுந்து போனார்கள். முக்காட்டுப் பையன் போனான். வியட்நாம்காரி எல்லோருக்கும் தலையசைத்துவிட்டுப் போனாள். சகாயத்தின் முகம் கடுகடுவென்று இருந்தால் கையில் நல்ல சீட்டு. நான் மடியில் கை வைத்தபடி இருப்பேன். முகம் சாந்தமானால் ஒன்றுமில்லை. கை கழுத்துக்குப் போகும். கடைசியில் சகாயமும் தொப்பிக்காரரும்தான் மிஞ்சினார்கள். ஒரு கையில் சகாயம் தன்னிடமிருந்த வில்லை அத்தனையும் முன்னே தள்ளி "ஆல் இன்" என்றான். எனக்கே அவ்வளவு தெரியும், எல்லாம் போட்டாயிற்று என்று அர்த்தம். அவன் முகத்தைப் பார்த்தேன். தொட்டிலில் கிடந்த நாளில்கூட அவ்வளவு சாந்தமாக இருந்ததில்லை. உத்தரியத்தை எடுத்து வாயில் வைத்து முத்தினேன்.

தொப்பிக்காரர் பேச்சை நிறுத்தினார். நெடுநேரம் சகாயத்தைப் பார்க்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை. தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். நானும் மரியாதைக்குத் தலையசைத்தேன். அவர் "கால்" என்று சொல்லி அதற்கு ஈடான வில்லையை முன்னே தள்ளினார். சீட்டைத் திறந்தார்கள். சகாயத்தின் கையில் ஒன்றுமில்லை.

முடிந்ததும் கிழவர் என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றி, தன் கழுத்தைத் தொட்டு, உதட்டைத் தொட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார். அவரும் வேதக்காரர் போலிருக்கிறது, உத்தரியத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி, வெளியே எடுத்து நன்றாகக் காட்டினேன். "எங்க சாமியார் மந்திரிச்சுக் குடுத்ததுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

காரில் இந்த முறை முன்சீட்டில் உட்கார்ந்தேன். "என்னடா சொன்னாரு பெரியவரு?"

"ஒன்னுமில்ல. நல்லாருக்கீங்களான்னு கேட்டாரு."

அவன் முகம் சாந்தமாக இருந்தது. "சகாயம், நான் ஒன்னப் பெத்தவ. சொல்லு."

கொஞ்ச தூரம் போனபின் சொன்னான். "நாள் பூரா அவரு என்னப் பாக்கலியாம்மா. ஒன்னத்தான் பாத்துட்டு இருந்தாராம். இந்த மேசையில எல்லாருக்கும் கல்லு மூஞ்சி, பேசற மூஞ்சி ஒங்கம்மாவுது ஒன்னுதான்னு சொன்னாரு."

என் கை மடியில் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் ஒரு கையால் அதைத் தட்டிக்கொடுத்தான். "வுடும்மா. நான் சரியாத்தான் ஆடினன். அடுத்த போட்டி முடியட்டும், கண்டிப்பா ஊருக்குப் போயிடலாம்." அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பக்கத்திலிருந்து முழுசாகப் பார்த்தேன். நன்மை வாங்கிக்கொண்டு திரும்புகிறவன் முகம். ஒரு சுருக்கம்கூட இல்லை. அவன் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன். இதற்கு முன்னால் சொன்னபோதும் இருந்திருக்காது. வேறொருத்தியாக இருந்தால், பிள்ளை எவ்வளவு பாசமாகப் பேசுகிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.

நான் மட்டும் போய்விடலாம். டிக்கெட் எடுத்துத் தர அவன் தயார். போனால், மகன் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நிமிர்ந்து நடக்க என்னால் முடியும், அது பெரிதில்லை. ஆனால் ஆடிவிட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறந்து, சாப்பிட்டியா என்று கேட்க இந்த ஊரில் வேறு ஒரு ஜீவன் இல்லை. அவனுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. அவனை விட்டு எழுந்திருக்க எனக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவன் ஆடுகிற இடத்துக்கு நான் போவதில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரிலிருந்து என் கொழுந்தன் அருளப்பன் முகம் தெரிகிற போனில் கூப்பிட்டான். அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமந்தி போட்டிருந்தான்.

"அண்ணி, தெரியுதுங்களா?"

"தெரியுது. வாடின பூவா பாத்து வாங்கியிருக்கற."

"அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இதக் கண்டுபுடிக்கறீங்க பாருங்க!" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அண்ணி, அண்ணனுக்குப் பக்கத்துல ஒங்களுக்குன்னு வுட்டு வெச்ச எடத்தப் பத்தி சாமியாரு கேக்கறாருங்க. கல்லறத் தோட்டத்துல எடம் பத்தலியாம். நீங்களும் சகாயமும் எப்ப வர்றீங்கன்னு சொன்னா, நான் பேசி நிறுத்தி வெக்கறங்க."

உள்ளறையிலிருந்து சகாயம் கேட்டிருக்கிறான். "அடுத்த வருஷம் வந்துடறோம்னு சொல்லும்மா!" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுத்துடு அருளப்பா. யாருக்கு வேணுமோ குடுத்துடச் சொல்லு."

"அண்ணி, கோவத்துல சொல்லாதீங்க..."

"கோவமில்ல. அந்த எடத்த ஒருவாட்டி காட்டு."

அவன் போனைத் தாழ்த்திப் பிடித்தான். செம்மண். காய்ந்த புல். மெழுகு சொட்டின இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி. ஒரு ஆள் படுக்கிற அகலம். அந்த மண்ணின் மேல் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், என் முகம் தெரிந்தது. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. "வெச்சிடட்டுங்களா அண்ணி?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் மண் மறைந்துவிட்டது. என் முகம் கொஞ்ச நேரம் தனியாகக் கண்ணாடி முழுக்க நின்றது. பிறகு அதுவும் அணைந்தது.